அப்பா பிரித்துப் போட்ட மிஷின்

சேசு மரி சூசை துணை

அஸ்தம்பட்டி, சேலம்
12-7-66

அன்புள்ள மகன் ஆரோக்கியசாமிக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் தங்கச்சி ரோசியும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ கல்கத்தாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா. உன் கடிதம் வந்தது. அப்பா ரிப்பேருக்குப் பிரித்துப் போட்ட கரண்டு டைப் மிஷினை அப்படியே மூட்டை கட்டி, ஜவுளி ஆபீஸ் சென்னியப்பக் கவுண்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். என்னால் முடியவில்லை சாமி. ஸ்குரூவெல்லாம் கழற்றின வரிசையில் தட்டில் வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து வந்தவர்தான், திரும்ப அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதைக் கலைக்க எனக்கு மனசில்லை. தினம் பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டுகிறேன், பிளக்கைப் பிடுங்கியே வைத்திருக்கிறேன், எண்ணெய் விடவில்லை. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பிசுபிசுத்து எழுத்துக்கம்பி எழும்பாது என்று உனக்கு அவர் சொல்லும்போது நானும் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டவள்தானே.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். அப்பா அறைக்குள் தீர்த்தம் தெளிக்க வரவும் நான் ஓடிப்போய் என் சேலையை எடுத்து மிஷின் மேல் போர்த்திவிட்டேன். உபதேசியார் உபகாரசாமி எல்லார் முன்னாலும், "தீர்த்தத்துக்கே குடை பிடிக்கிறீங்களேம்மா" என்று கேட்டுவிட்டார். மோட்டாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று அப்பா போட்ட சத்தமெல்லாம் அவருக்கு எங்கே தெரியும். சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் சிலுவை மட்டும் போட்டார்.

நேற்றுக் கவுண்டர் வந்தார். கோயமுத்தூர் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றுதான் ஆளோடு வந்திருந்தார். ஸ்குரூத் தட்டைக் குனிந்து பார்த்தார். "அவுரு தொறந்ததை உங்க பையனே வந்து மூடட்டுமுங்க. ஆடி கழியற வரைக்கும் பாக்கறேன், அப்பறம் எம்பொழப்பையும் பாக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தந்தி பிந்தி வந்ததற்கு நீ என்ன செய்வாய். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது என்று எழுதியிருந்தாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். எனக்காக வரவேண்டாம், அழுவதற்கும் வரவேண்டாம், எனக்கே அழுது அலுத்துவிட்டது. இந்த வேலைக்காக வா.

அன்றைக்கு மத்தியானம் அவர் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். மோட்டார் நன்றாகச் சுற்றுகிறதாம், வரி முடிந்தால் தாள் உருளை தானாகத் திரும்பி வராமல் பாதியில் நிற்கிறதாம், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதாம். இங்கே கிடைக்காது, கல்கத்தாவில்தான் வாங்கவேண்டும், சாயந்திரம் பையனுக்கு எழுதோணும் என்றார். சாயந்திரம் அவர் இல்லை. அவர் எழுத இருந்ததை இப்போது நான் எழுதிவிட்டேன்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பழைய பெல்ட்டை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அளவு பார்த்து வாங்கு, ரயிலில் அசந்து தூங்கிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
இன்பமேரி