துஷ்டி வீட்டில் அம்மா சொன்ன ‘வாங்க’

என் ஆசை அண்ணனுக்கு,

சாரல் விட்டபாடில்லை. அம்மாவின் சேலையும் விரிப்பும் வீடு முழுக்கக் கொடியில் தொங்குகின்றன, ஒன்றும் காய மாட்டேன் என்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், தென்காசிக்குள் வண்டி நகர இடமில்லையாம். எல்லாம் கேள்விதான். எனக்கு வாசலைத் தாண்ட நேரமில்லை.

களைத்துப் போய்விட்டேன் அண்ணே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மறதி நோயைப் பற்றி நீ எழுதிய கட்டுரைகளை இன்னும் ஆட்கள் படிக்கிறார்கள். வெளியூர் டாக்டர்கள் போன் பண்ணி, உன் ஆராய்ச்சி எவ்வளவு பெரியது என்கிறார்கள். “ஆமா சார்” என்று கேட்டுக்கொள்கிறேன். அந்நேரம் பார்த்து அம்மா சோற்றில் காப்பியை ஊற்றிக்கொண்டிருப்பாள். இலத்தூரிலும் சிவகிரியிலும் வீடு வீடாகப் போய் ஊரார் அம்மாக்களையெல்லாம் பார்த்தாயே, நம் அம்மாவுக்கு இது முற்றிய நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கே போனாய்? கோபமாகத்தான் கேட்கிறேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போன மறுநாள், துக்கம் விசாரிக்க, துஷ்டி கேட்க என்று ஊரே வந்தது. துஷ்டி வீட்டில் யாரையும் ‘வாங்க’ என்று கூப்பிடக் கூடாது, போகிறவர்களும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அம்மா வாசலில் நின்று வாய் நிறைய, “வாங்க, வாங்க! எல்லாரும் சேந்தாப்புல வந்திருக்கிய! காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்” என்றாள். வந்தவர்கள் படியேறாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். சித்திதான் அவள் வாயைப் பொத்தி உள்ளே கூட்டிப் போனாள்.

அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அம்மா கையைப் பிடித்து அழுதார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் செய்தி. “எம் பிள்ளைக்கா? எப்ப?” என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் நீ செத்தது மறந்துவிடும். அழுகை மட்டும் நிற்காது. “ஏட்டி, எனக்கு ஏன் இப்படிக் கண்ணீரா வருது?” என்று என்னையே கேட்பாள்.

உன் கட்டுரையை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சேதி மறந்துபோனாலும் அது தந்த வேதனை உள்ளே தங்கிவிடும், அதனால் சாவுச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் என்று குடும்பத்தாருக்கு எழுதியிருக்கிறாய். சரி. துஷ்டி கேட்க வருகிறவர்களை என்ன செய்வதென்று எழுதினாயா? நீயும் இந்த ஊர்க்காரன்தானே?

நானே வாசலில் நிற்க ஆரம்பித்தேன். “அம்மாட்ட ஒண்ணும் சொல்லாதிய, எங்கிட்ட அழுதுட்டுப் போங்க” என்றேன். சித்திக்கு வந்ததே ஆத்திரம்! “துஷ்டி கேக்க வந்தவங்கள நடையிலயே நிறுத்துதாளே! பெத்தவளுக்குத் தெரியாம ஒரு சாவா? அடுக்குமா இது?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். இப்போது அவள் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பெற்றவளிடம் பிள்ளையின் சாவை மறைக்க நான் யார் என்று எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

போன வாரம் உன் சிநேகிதர் காஜா அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்து, நேரே இங்கேதான் வந்தார். அவரையும் வாசலில் பிடித்துக் கெஞ்சினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். காலையில் என்னை யாரென்று கேட்ட அம்மா, அவரை உடனே கண்டுகொண்டாள்.

“காஜாவா? வாடே, வா. எங்கடே அவன்? உங்கூட வரலியா?”

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“குத்தாலத்துல மெயினருவில குளிக்கான்மா. செம கூட்டம். நான்தான் முன்னால வந்துட்டேன்.”

“இந்தச் சாரல்ல ஈரத் தலையோட நிப்பானே! துவட்டக்கூடச் சோம்பேறிப்படுவான். இத அவன்ட்ட குடு” என்று கொடியில் கிடந்த உன் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

“போயிட்டு வாறேன்மா” என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார் காஜா அண்ணன். “வா மக்கா” என்றாள் அம்மா. தெருமுனை வரை நானும் போனேன். அங்கே அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா அன்றைக்கு அழவே இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

துண்டை அவரிடமிருந்து கேட்டு வாங்கி, மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டேன். நாளைக்கும் தேடுவாளே.

அண்ணே, இது என் வாக்கு. அம்மா இருக்கிற வரைக்கும் உன் சாவை அவளிடம் நான் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். சித்தி வராவிட்டால் போகட்டும். இந்த வீட்டில் ஒருத்தி அழுதால் போதும், நான் அழுதுகொள்கிறேன். நீ மெதுவாகக் குளி. துண்டு கொடியில்தான் கிடக்கிறது.

அம்மாவை உனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்
உன் கூடப் பிறந்தவள்