கியர் வண்டியும் ஒரு சம்மதமும்

வேங்கிக்கால்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெயமதி அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. எல்லாரும் நல்லாயிருக்கோம். உங்க மடத்துல போன் கூடாதுன்னதால என் கையெழுத்து திருந்துது. அது ஒண்ணுதான் லாபம்.

எனக்கு சர்வேயர் வேலை கிடைச்சதை அப்பா எழுதியிருப்பார். ஆபீஸ் பக்கத்துலதான். ஆனா அளக்கப் போற ஊருக்கெல்லாம் பஸ் கம்மி, வண்டி வாங்கியே ஆகணும். அப்பா ஸ்கூட்டி போதும்ங்கறார். வரப்பு ஓரத்துல, ஏரிக்கரையில அந்தச் சின்ன சக்கரம் சறுக்கும். எனக்குக் கியர் வண்டிதான் வேணும். ஆபீஸ்ல சுரேஷ்குமார் சார் 'முந்நூத்தம்பது சிசி எடும்மா, கெத்தா இருக்கும்'னு ஏத்திவிடறார். நான் சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டினதில்லை. நீ போளூர் பேங்குக்கு நாலு வருஷம் அப்பாவோட கியர் வண்டியை நீயே ஓட்டிட்டுப் போய்வந்தவ. எதை வாங்கட்டும்?

உன் தங்கை
த்ரிசலா


ஹாசன்
20 செப்டம்பர் 2025

அன்பு த்ரிசலாவுக்கு ஆசிகள்.

துறவியாகி, வாகனமே வேண்டாமென்று நடக்கப் போகிறவளிடம் வண்டி கேட்கிறாய். படித்துச் சிரித்துவிட்டேன்.

சிசியைப் பார்க்காதே. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பிறகு இறங்கி, வண்டியை நீயே பின்னால் தள்ளித் திருப்பிப் பார். முடியவில்லை என்றால் அது உனக்கான வண்டி இல்லை. நூறு, நூற்றுப்பத்து சிசி போதும். முதல் வண்டியை எப்படியும் கீழே போடுவாய், அதனால் பழசாக வாங்கு. ஹெல்மெட் மட்டும் புதுசு.

இன்னொன்று. மழைக்காலத்துச் சாதுர்மாசம் முடிந்ததும் எனக்குத் துறவறத் தீட்சை தருவதாக குரு மாதாஜி சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் சம்மதம் எழுதிவிட்டார்கள். உன்னுடையதும் வேண்டுமாம். அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஜெயமதி


வேங்கிக்கால்
5 அக்டோபர் 2025

அக்கா,

சுரேஷ்குமார் சார் வண்டியை ஸ்டாண்டுலருந்தே எடுக்க முடியலை. அவர்தான் ஓடிவந்து பிடிச்சார். ஷோரூம்ல ஒரு நூத்தியிருபத்தஞ்சு பார்த்தேன். அழகு. ஆனா கட்டைவிரல்தான் தரையைத் தொடுது. செங்கம் ரோட்டுல பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல கட்டைவிரலை நம்பி எப்படி நிக்கறது? இன்னும் பார்க்கிறேன்.

நீ கேட்டதுக்கு வரேன். எழுதித் தர மாட்டேன். தீட்சையில தலைமுடியை ஒவ்வொண்ணா கையால பிடுங்குவாங்களாமே? உனக்கு வலிக்காதான்னு அம்மா எங்கிட்ட கேக்கறா, நான் என்ன பதில் சொல்ல? உனக்கு இங்க என்ன குறை? வேலை இருந்தது, எல்லாம் இருந்தது. எல்லாரையும் விட்டுட்டு நீ போயிடுவே, நான் சரின்னு எழுதணுமா?

த்ரிசலா


ஹாசன்
15 அக்டோபர் 2025

அன்பு த்ரிசலா,

கோபமாக எழுதினாலும் எழுதினாயே, அது போதும்.

குறை எதுவும் இல்லை. அப்படி இருந்து வந்திருந்தால் உனக்கு விளக்குவது சுலபமாக இருந்திருக்கும். வலிக்கும், அது தெரியும். நீ எழுதாவிட்டால் இந்த வருடம் இல்லை. காத்திருப்பேன். திரும்ப உன்னைக் கேட்க மாட்டேன்.

கிளட்சை மெதுவாக விட்டுப் பழகு. அவசரப்பட்டால் வண்டி குதிக்கும்.

ஜெயமதி


வேங்கிக்கால்
6 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டி வாங்கியாச்சு. நூத்திப்பத்து சிசி, கறுப்பு. தனியாவே தள்ளித் திருப்பிட்டேன். பழசு வாங்கச் சொன்னதை மட்டும் கேக்கலை, புதுசுதான். கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே ஒரு தடவை கீழேயும் போட்டாச்சு. முட்டியில லேசா சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்லை.

வாங்கின அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும். ஷோரூம்ல அப்பா விடவே இல்லை. "ஸ்கூட்டியில உனக்கு என்ன குறை? பொம்பளைப் பிள்ளைக்கு கியர் எதுக்கு?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். "குறை இல்லப்பா, எனக்கு இதுதான் வேணும்"னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. விற்கிற பையன் மணிவேலுக்கே சங்கடமாப் போச்சு. கடைசியில அப்பா, "பெரியவளும் இப்படித்தான், சொன்னா கேக்கமாட்டா"ன்னார்.

அதுவரைக்கும் ஓரமா உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, "அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியாதா? வாங்கிக் குடுங்க"ன்னா.

வீட்டுக்கு வந்ததும், "உனக்கு பயமா இல்லையா?"ன்னு அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு பேருக்காகவும்தான் பயம். அதுக்காகப் பிடிச்சு வெக்க முடியுமா?"ன்னு சொல்லிட்டு விளக்கேத்தப் போயிட்டா. வண்டியைத் துடைச்சு மூடும்போதுதான் எனக்குத் தோணுச்சு. அப்பா என்னைக் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் உன்னைக் கேட்டிருக்கேன். நான் அப்பாவுக்குச் சொன்னதும் நீ எனக்கு எழுதின பதில்தான்.

சம்மதம் எழுதி இதோட வெச்சிருக்கேன். முழுசா சந்தோஷமா எழுதினேன்னு சொல்ல மாட்டேன், பொய்யாயிடும். ஆனா என் கையாலதான் எழுதினேன், யாரும் சொல்லி இல்லை.

தீட்சைக்கு மூணு பேரும் பஸ்ஸுல வரோம். அன்னைக்கிலருந்து உனக்கு வேற பேராமே. கடிதம் போட்டாலும் பதில் வராதுன்னு அப்பா சொன்னார். எல்லாரும் கைகூப்பி 'வந்தாமி மாதாஜி'ன்னு சொல்லும்போது நானும் சொல்வேன், அம்மா சொல்லிக் குடுத்திருக்கா. ஆனா இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ இன்னும் ஜெயமதிதான். அதனால இப்பவே கூப்பிட்டுக்கறேன்.

அக்கா. அக்கா. அக்கா.

உன் தங்கை
த்ரிசலா