பின்னணி இரைச்சல்: மாமா

அக்கா மகனுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்கிற நிலையில் நீ என்னை வைக்கவில்லை.

உன் பாட்டுத் தட்டு வந்து சேர்ந்தது. அட்டையில் நாலு தாடிக்காரர்களுக்கு நடுவே பல்வலி வந்தவன் மாதிரி நிற்கிறாய். அது போகட்டும்.

தட்டு வருவதற்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். 'ரூட்ஸ் ராக்' என்று நீ சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுசு முழுக்க ரூட்டில் பஸ் ஓட்டியவனைப் பற்றிய பாட்டுதானே? அது வேரைக் குறிக்கிற வார்த்தை என்று தையல்காரன் குறுக்கே பேசினான். வேரோ விழுதோ, பாடியது என் வீட்டு மாடி அறையில். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் நீ கட்டியது நானும் உன் அத்தையும் படுக்கிற மெத்தை. டிரம்காரனுக்குத் தாளம் பிடிபடாதபோது, பஸ் இன்ஜின் நின்ற இடத்தில் உறுமுவதை வாயாலேயே செய்து காட்டி அவனை வழிக்குக் கொண்டுவந்தவன் நான். அப்படியே என் காலில் விழுந்தான். மைக் ஒயர் தடுக்கி விழுந்தான் என்கிறாள் உன் அத்தை. அவளுக்கென்ன தெரியும்?

ஆகவே நான் பின்னணிப் பாடகர் என்று சொல்லிக்கொண்டதில் என்ன பொய்?

போன வாரம் கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். தையல்காரன் அட்டையின் பின்பக்கத்தை உரக்கப் படித்தான்: "பின்னணி இரைச்சல்: மாமா." கூடமே குலுங்கியது. "பாடகர்னீங்களேண்ணே, இரைச்சல்னுல்ல போட்டிருக்கு!" என்றான். இப்போது பால்காரன்கூட நம் வீட்டை "இரைச்சல் வீடு" என்றுதான் சொல்கிறான். சோறு போட்ட வீட்டுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாய்!

மூன்றாவது பாட்டில் கிடார் ஓய்கிற இடத்தில் என் இருமல் வருகிறது. அதன் பின்னாலேயே, கதவுக்கு வெளியே நின்று "டேய், சாப்பிட்டியாடா?" என்று நான் கேட்பதும் வருகிறது. அதை வெட்டி எறிய உன் ஊரில் ஒரு கத்தரிகூடவா கிடைக்கவில்லை? உன் அத்தை அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறாள். "மெதுவா அவன் பதில் சொல்றான், கேக்குதாங்க?" என்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு நேரமுமில்லை.

மெத்தையை இன்னும் அவிழ்க்கவில்லை. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். நாங்கள் தரையில் படுக்கிறோம். என் முதுகுவலிக்கு நீயே பொறுப்பு. அந்த அறைக்குள் போய், வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டிப் பார்த்தேன். மெத்தை அத்தனையையும் குடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இரைச்சலை அடித்துவிட்டு, 'குரல்: மாமா' என்று புது அட்டை போடு. அதுவரை என் வாசற்படியை மிதிக்காதே. அட்டையைத் தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன். நீயே கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும்.

தட்டில் "இதோ வர்றேன் மாமா" என்கிறாய். எத்தனை தடவை போட்டாலும் அதையேதான் சொல்கிறாய்.

வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருந்து தொலை.

உன் மாமா