சிரிக்காத படம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு அருவருப்பு.

வவுனியாவிலிருந்து மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கும் ஜெயந்தி டீச்சருக்கு இன்று கீமோ. கொழும்பில் ஆகும் செலவு தாங்காமல்தான் மதுரைக்கு வந்தார். அவரைப் போன்ற வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிப்பதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் மேனேஜர் கேமராக்காரரோடு வந்து நின்றார். ஏர்போர்ட் ரோட்டில் வைக்கிற விளம்பரப் போர்டுக்குப் படம் வேண்டுமாம்.

“தலைத் துணிய எடுத்துருங்கம்மா. மொட்டையாத் தெரிஞ்சாத்தான் கேன்சர்னு நம்புவாங்க” என்றார் மேனேஜர்.

“நான் வருத்தம் மாற வந்தனான் தம்பி. படத்துக்கு நிக்க வரேல்ல” என்றார் டீச்சர். நோயைத்தான் அவர்கள் ஊரில் வருத்தம் என்பார்கள்.

“அப்ப இன்னைக்கு பெட் இல்ல. அடுத்த வாரம் பாக்கலாம்.”

எதிரிலேயே பெட் காலியாகக் கிடந்தது. கீமோவைத் தள்ளிப்போடக் கூடாது என்று மேனேஜருக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரே துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எடுங்கோ. சிரிக்க மட்டும் சொல்லாதேங்கோ.”

வெளியே வந்ததும் மேனேஜர் சொன்னார்: “சிரிப்ப கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாம். அந்தம்மா நம்மளப் பாராட்டுற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க.”

“எழுத மாட்டேன் சார். அந்தப் படத்தையும் போடக் கூடாது.”

“அம்புட்டுத் திமிரா? அப்ப நாளைக்கு வேலைக்கு வராதீங்க.”

போவேன். ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரிடமே நேரே சொல்லுவேன். ஆனால் அவரே சொல்லித்தான் இதெல்லாம் நடக்கிறது என்றால், அப்புறம் யாரிடம் போவது?