பாட்டு மட்டும் போதும்

அக்டோபர் 3, 2005
மதுரை போய் வந்தோம். இவருக்குத் தொண்டையில் இருப்பது அதுதானாம். தீபாவளிக்குள் குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். "எடுத்துட்டா பேச்சுங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன். "உயிர் இருக்கும்மா" என்றார். திரும்பும்போது பஸ் வத்தலக்குண்டு தாண்டும்வரை இவர் என் கையை விடவில்லை. இப்போதே இவருக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது.

அக்டோபர் 6
பீரோவுக்கு அடியில் கேசட்டுகள் கிடந்தன. கல்யாணமான புதிதில் இவர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து வீட்டிலேயே பாடிப் பதிந்தவை. எல்லாம் இவரே கட்டின பாட்டு. இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் இவருடைய அக்கா, மகாராணி மதினி, போனில் அழுதார். "தம்பி பாட்ட எப்படியாவது அனுப்பு தேவகுமாரி. கம்ப்யூட்டர்ல அனுப்பலாமாமே."

கேசட்டெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. இந்தக் கூக்கால் மலையில் பெய்யும் மழைக்குத் துணி, தீப்பெட்டி, விறகு எல்லாவற்றையும் அடுப்புக்கு மேல் பரணில்தானே காய வைக்கிறோம். இவற்றையும் வைத்தேன்.

அக்டோபர் 7
போச்சு. எல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. எனக்கு ஏன் புத்தி இப்படிப் போகுது? இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

அக்டோபர் 10
பெருமாள்மலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பொன்னுவேல், கேசட்டைக் கழற்றி நாடாவை வேறு கூட்டில் மாற்றினான். மூன்று தேறின. "ஒரு தடவதாங்க்கா ஓடும். அப்புறம் பிஞ்சுரும்" என்றான்.

டேப்பிலிருந்து வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பாடினார். என் யோகராஜ் பாடினார். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். ஓடி முடித்த நாடா துண்டு துண்டாகப் போனது. போகட்டும், உள்ளே ஏறிவிட்டதே.

அக்டோபர் 14
ஃபைல் ரொம்பப் பெரிசாம், மெயிலில் போகாதாம். எம்பி3யாகச் சுருக்க வேண்டுமாம். "நடுவுல பேச்சு நெறைய கெடக்குக்கா. வெட்டிறவா?" என்றான்.

கேட்டுப் பார்த்தேன். எல்லாம் பாட்டுக்கு நடுவில் இவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவை. குமாரி, கதவச் சாத்து. குமாரி, சோறு பொங்குது பாரு. ஏன்டி உம்முனு இருக்க? — அன்றைக்கு ஏதோ சண்டை. மதினி வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். வெட்கமாக இருந்தது. "பாட்டு மட்டும் போதும் தம்பி. மத்ததெல்லாம் எடுத்துரு" என்றேன்.

அக்டோபர் 20
அனுப்பியாயிற்று. எனக்கும் ஒரு சிடி போட்டுக் கொடுத்தான். தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் கேட்டு அழுதார்களாம், மதினி சொன்னார்.

அக்டோபர் 25
ஆபரேஷன் முடிந்தது. முருகா.

நவம்பர் 9
வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. அது பழகிவிட்டது. அடுப்படியில் நிற்கும்போது, கூப்பிடுவார் என்று காது காத்துக் கிடக்கிறதே — அதுதான் பழகவில்லை.

தட்டைத் தட்டிக் கூப்பிடுகிறார். தட்டுச் சத்தத்துக்கு நான் எதற்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வீம்பு வருகிறது. அப்புறம் ஓடிப்போய் நிற்கிறேன். பாட்டு இருக்கிறது, இலங்கை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எங்கேயும் என்னைக் கூப்பிடவில்லையே.

நவம்பர் 12
வெள்ளனே பஸ் பிடித்துப் பெருமாள்மலை போனேன். வெட்டின பேச்சு கிடைக்குமா என்று பொன்னுவேலிடம் கேட்டேன். "பெரிய ஃபைல அன்னைக்கே அழிச்சிட்டேங்க்கா, எடம் பத்தல. பேச்செல்லாம் அதுலதான் இருந்துச்சு. நீங்கதான வேணாம்னீங்க?"

ஆமா. நான்தான் சொன்னேன். அவன் என்ன செய்வான்? பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை விட்டு வச்சிருக்கலாம்ல.

நவம்பர் 17
பக்கத்து வீட்டு வள்ளியிடம் சிடி பிளேயர் வாங்கி வந்து, எல்லாப் பாட்டையும் கடைசி வரை ஓட விட்டேன். மூன்றாவது பாட்டில் ஆர்மோனியம் நின்ற பிறகு, வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது.

"கு—"

அவ்வளவுதான். மறுபடி போட்டேன். மறுபடியும். இவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவரே பட்டனை அழுத்தினார்.

"கு—" என்றது பெட்டி. மீதியை உதட்டால் சொன்னார்.

"என்னங்க?" என்றேன்.