அம்மி மிதக்குமா?

ஆடி மாதம், செவ்வாய் இரவு. மழை.

மேட்டிலிருக்கும் கமலம் வீட்டுப் பின்பக்கம் இன்று என் அம்மியைப் பார்த்தேன். சுனாமியில் காணாமல் போன, என் நாத்தனார் கேட்டும் நான் கொடுக்காத, ஓரம் உடைந்த அதே அம்மி.

"சுனாமி அலை கொண்டாந்து போட்டது, அக்கா," என்றாள்.

"சட்டி வரும், கட்டில் வரும். அம்மி மேடேறி மிதந்து வருமாடி?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் சொன்னதும் மகன் கத்தினான். "அஞ்சு வருசமாச்சும்மா, சோடோ, விட்டுடு! அந்த இத்தாலிக் கொலைப் புஸ்தகம் படிச்சுத்தான் நீ இப்படி ஆயிட்டே."

ஆமாம், அதனால்தான். பேத்தி மெயின்லாண்டிலிருந்து கப்பலில் அனுப்பும் தமிழில் பெயர்த்த அந்தப் புத்தகங்களை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். கதை நடக்கும் அந்த ஊரிலும் இந்தத் தீவைப் போலவே போலீஸ் படகில்தான் வரும். துப்பறிகிறவர் மத்தியானம் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுவார். மேலதிகாரி விட்டுவிடு என்றால் சரி என்று தலையாட்டுவார். பிறகு அதே வீட்டுக் கதவை மறுபடியும் தட்டுவார். அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நானும் மகனிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

நாளை மத்தியானம் மீன்குழம்பு வைக்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மேடேறுவேன்.