மேலே பூத்த மருந்து

கொல்லம் ஆண்டு 1110, துலாம் மாதம் 14.

நோயாளியின் வயிற்றுக்குள் விடுவதற்கென்று ஆஸ்பத்திரிக்காக எங்கள் பட்டறையில் செய்த ரப்பர் குழாய்களில் இன்று காலை வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பூசணம் என்றே முதலில் நினைத்தேன். ரப்பர் சீக்கிரம் வெடிக்காமல் இருக்க நான் கலந்த மருந்துதான் அது. இரண்டு பங்கு போட்டால் இரண்டு மடங்கு உழைக்கும் என்று எண்ணியிருந்தேன். உருளையில் அரைத்த சூட்டில் எல்லாம் கரைந்தது. ஆறியபின் ரப்பர் தன்னால் கொள்ள முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியை மெல்ல வெளியே தள்ளுகிறது.

பட்டறைக்கு முதல் போட்ட அத்தான் ஒரு குழாயைத் துணியால் துடைத்துக் காட்டினார். புதிது போல இருந்தது.

"பாத்தியா? நாளைக்கே கொண்டு குடுத்திரலாம்."

"திரும்பவும் பூக்கும், அத்தான்."

"அதுக்குள்ள ஆர்டர் பணம் நம்ம கையில இருக்கும்லே."

"குழாய் எவன் வயித்துலயோ இருக்கும்."

"காலேஜு படிச்சிட்டு வந்து தொழிலக் கெடுக்காத மக்கா. இது போச்சுண்ணா பட்டறைய அடச்சிட்டு நீ வாத்தியார் வேலைக்குப் போ."

போக வேண்டி வரலாம்.

அவர் தூங்கியபின் குழாய்களையெல்லாம் அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கிவிட்டேன். கை இன்னும் வலிக்கிறது. இந்த வீட்டில் முதலில் எழுந்து பட்டறையைத் திறப்பவர் அவர்தான்.